தலையாட்டியதற்குக் கட்டணம்

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. ஊர் வந்து சேர்ந்து நான்கு நாள் ஆகிறது. உடம்புக்குக் குறையில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டு கிடைத்ததால் முதுகுக்கு மட்டும் இன்னும் கோபம் தீரவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. அதைத்தான் இரண்டு நாள் கூடவே இருந்து பார்த்துவிட்டு வந்தேனே.

இங்கே எல்லாம் பழையபடிதான். எட்டு மாடி, ஒரு லிஃப்ட், ஒரு ஸ்டூல், அதில் நான். ஒரு நாளைக்கு இருநூறு தடவை மேலே போகிறேன், இருநூறு தடவை கீழே வருகிறேன். சம்பளம் மட்டும் தரைத்தளத்திலேயே நிற்கிறது.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி உன்னிடம் ஒரு விஷயம் சொன்னேன், நீயும் தலையாட்டினாய். சொன்னபடி நேற்றே செய்துவிட்டேன். இனி மாதாமாதம் நடக்கும். உன் பங்கை நீ செய். இதற்கு மேல் விவரமாக எழுத மாட்டேன், எழுதினால் அப்பா கனவில் வந்து நிற்பார். அவர் கடன் கேட்டு எழுதிய கடிதத்தை அந்தக் கடைக்காரர் தெருவே கேட்க ராகம் போட்டு வாசித்தாரே, அப்பா போய்ச் சேர்ந்தே இருபது வருஷமாகிறது. ஆனாலும் "காசு சமாச்சாரம் கடுதாசியில ஏறக் கூடாது, நேர்ல பேசு" என்று அப்பா அன்று போட்ட உத்தரவு இன்னும் என் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஃபோனில் பேசலாம் என்றால், போன வருஷம் "சாப்பிட்டியா?" என்று கேட்டதற்கு நீ "புதன்கிழமை" என்றாய். ஆகவே தபாலே கதி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

•

பிப்ரவரி 27

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முழங்கால் மாடிப்படியில் மட்டும் முனகுகிறது, சமதரையில் சமர்த்தாக இருக்கிறது. உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கடைசி சீட்டில் உட்காராதே என்று எத்தனை தடவை சொல்வது?

நீ சொன்னபடி செய்துவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நல்லது. நானும் என் பங்கைச் செய்கிறேன்.

சலவைக் கூடத்தில் ஒரு சேதி. அழுத்தி இஸ்திரி போடுகிற பெரிய மெஷினில் எனக்கு இடம் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும். மேல் மூடி இறங்குவதற்கு முன் ஒரு மணி அடிக்கும், அப்போது கையை எடுத்துவிட வேண்டும். எனக்கு அந்த மணி கேட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. பக்கத்தில் துணி மடிக்கிறவள் மணி அடித்ததும் காலால் என் காலைத் தட்டுவாள். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் சூப்பர்வைசரம்மா பார்த்துவிட்டார். கோபமாகச் சொன்னாரா, பாவப்பட்டுச் சொன்னாரா என்று தெரியவில்லை. சொன்னதை மடிப்புக்காரிதான் பிறகு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அக்டோபர் கடைசிக்குள் காது மெஷின் மாட்டிக்கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்துணிப் பக்கம் போக வேண்டும். ஈரத்துணிப் பக்கம் என்றால் பாதிக் கூலி. என் அறை வாடகைக்கும் அந்தப் பாதிக்கும் ஒத்துவராது.

நீ கவலைப்படாதே. அக்டோபருக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது.

அக்கா

•

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

நான் சௌக்கியம். முதுகு சமாதானமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாகத் தூங்குகிறேன், அதனால் முகத்தில் தெளிச்சி வந்திருப்பதாக நான்காவது மாடிக் கணக்கர் சொன்னார்.

உன் காதுச் சேதி படித்ததிலிருந்து மனது ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்த மூடி உன் கை மேல் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதெல்லாம் லிஃப்டைத் தப்பு மாடியில் நிறுத்திவிடுகிறேன். கடையில் போய் விலை கேட்டாயா? சாதாரண மெஷின் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கும் என்று இங்கே ஒரு டாக்டரின் உதவியாளர் சொன்னார். அக்டோபர்வரை எதற்கு இழுக்க வேண்டும்? கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது அல்லவா? கோடைக்குள் வாங்கிவிடலாம். தள்ளிப் போடாதே.

பதில் உடனே போடு.

தம்பி

•

ஜூன் 19

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. இன்றும் வராதுதான், ஆனாலும் நீ கவலைப்படுவாயே என்று எழுதுகிறேன்.

கோடைக்குள் வாங்கு என்கிறாய். நினைத்தவுடன் வாங்க அது கத்தரிக்காயா? கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது என்று நீயே எழுதுகிறாய். எங்கே சேர்கிறது? சோப்பு டப்பாவில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கூரை ஒழுகலுக்குத் தகரம் போட்டேன். உனக்கு உன் பாடு, எனக்கு என் பாடு. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கேட்காதவளிடம் வந்து "ஏன் வாங்கவில்லை?" என்று மட்டும் கேட்காதே.

மடிப்புக்காரிக்கு நவம்பரிலிருந்து வேறு ஷிஃப்ட் போடப் போகிறார்களாம். அதன் பிறகு என் காலைத் தட்ட யாரும் இல்லை.

வேறு விசேஷம் இல்லை. மழைக்கு முன் குடை வாங்கிக்கொள்.

அக்கா

•

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள். உன் கடிதத்தை ஏழு வாரமாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். இன்று அப்பாவின் உத்தரவை மீறப் போகிறேன். அவர் கனவில் வந்தால் வரட்டும், வந்தால் அவரிடமும் இதைத்தான் சொல்வேன்.

பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் உன் பாங்குக் கணக்கில் நானூறு போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏழு மாதம். இரண்டாயிரத்து எண்ணூறு. உன் வீட்டில் இருந்தபோது பெட்டியிலிருந்த பாஸ்புக்கைப் பார்த்துக் கணக்கு நம்பரை எழுதிக்கொண்டு வந்தேன். பஸ் ஜன்னலில் உன்னிடம் சொன்னதும் அதுதான்: "மாசாமாசம் உன் கணக்குல போடுறேன், காது மெஷின் வாங்கிக்க." நீ தலையாட்டினாய்!

இப்போது "எங்கே சேர்கிறது?" என்று என்னையே கேட்கிறாய். எங்கே போயிற்று அக்கா? உன் மகள் வீட்டுக்குப் போயிருந்தால் போயிற்று என்று சொல். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அவளை நானும்தான் தூக்கி வளர்த்தேன். ஆனால் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை என்று எழுதினாயே, அதுதான் தாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தூங்கவில்லை. இந்தக் கட்டிடத்தின் வாசல் கண்ணாடிகளையும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும் கழுவுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கு நூறு. நான்கு ஞாயிறு, நானூறு. அதை நீ வாங்கிக்கொள்வதில் எனக்குச் சந்தோஷம்தான். நீ கண்டுகொள்ளவே இல்லை என்பதுதான் வருத்தம்.

தம்பி

•

ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

உன் அக்கா உயிரோடும் நலமாகவும் இருக்கிறேன், வெட்கத்தோடும் இருக்கிறேன். இந்தக் கடிதம் நீளமாகப் போகும், உட்கார்ந்து படி.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பஸ் ஜன்னலில் நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. இன்ஜின் உறுமியது, உன் வாய் அசைந்தது, நான் தலையாட்டினேன். காது போனதிலிருந்து எனக்கு இதுவே பழக்கம். "என்ன? என்ன?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பதைப் பார்க்க வேண்டும். தலையாட்டிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. நீ பிப்ரவரியில் "சொன்னபடி செய்துவிட்டேன்" என்று எழுதியபோது, உன் பழைய கடனை அடைக்கத் தொடங்கிவிட்டாய் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். என்னவென்று கேட்காமல் "சந்தோஷம்" என்று பதில் போட்டேன். அதாவது கடிதத்திலும் தலையாட்டினேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு பாங்குக்குப் போனேன். அந்தக் கணக்கு பழைய சலவை முதலாளி "இனிமே சம்பளம் பாங்குலதான்" என்று சொல்லி எங்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தித் திறந்தது. இரண்டே மாதத்தில் அவர் கடையை மூடினார். புது இடத்தில் கூலி கையில் வந்தது. அதில் அறுபதோ என்னவோ கிடக்கும், கிடக்கட்டும் என்று மூன்று வருஷமாக விட்டுவிட்டேன்.

மூன்றாவது கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். பாஸ்புக்கை நீட்டினேன். பழைய புத்தகம் செல்லாதாம், புதுப் புத்தகத்துக்கு இருபத்தைந்து பிடித்தார்கள். அச்சடித்துக் கொடுத்ததைப் பார்த்தேன். மீதி இருபது.

உன் ஏழு மாத ஞாயிற்றுக்கிழமை, கடைசியில் இருபது! அந்தப் பெண் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ சொன்னாள். நான் தலையாட்டினேன், பழக்க தோஷம். வாசல்வரை வந்துவிட்டேன். வாசலில் நின்றபோது நீ ஈரத் துணியோடு தொட்டிக்குள் குனிந்திருப்பது கண்ணில் வந்தது. திரும்பிப் போனேன்.

"எனக்குக் காது கேக்காதும்மா. நீ சொன்னது ஒண்ணும் புரியல. மறுபடி சொல்லு" என்றேன்.

சொன்னாள். கேட்கவில்லை. மறுபடி சொல் என்றேன். என் பின்னால் வரிசை நெளிந்தது, ஒருவர் வாட்சைப் பார்த்தார். எனக்கு முகம் சிவந்து காதெல்லாம் சூடாகிவிட்டது. உபயோகமில்லாத காதுக்கு அதாவது தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை கேட்டதும் அந்தப் பெண் எழுந்து கண்ணாடியைச் சுற்றி வெளியே வந்தாள். நல்ல பெண். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் வரி வரியாக எழுதிக் காட்டினாள்.

கணக்கில் எப்போதும் ஆயிரம் இருக்க வேண்டுமாம். குறைந்தால் மாதம் நூறு அபராதம். இல்லாதவளுக்கு, இல்லாமல் இருப்பதற்கு அபராதம்! பழைய அபராதம் ஆயிரத்து இருநூறு பாக்கி நின்றிருக்கிறது. பூனை மாதிரி மூன்று வருஷம் காத்திருந்து, நீ பணம் போட்டதும் பாய்ந்திருக்கிறது. நீ வேறு ஊர்க் கிளையில் கட்டியதற்கு ஒவ்வொரு தடவையும் நாற்பது. நான் கண்ணாலேயே பார்க்காத கார்டுக்கு வருஷம் இருநூறு. ஏதோ இன்ஷூரன்ஸ் முந்நூற்று முப்பது. பிறகு, பணம் எடுத்ததும் ஃபோனில் சேதி சொல்வதற்கு மாதம் பதினைந்து. யார் ஃபோனில்? மூடிப்போன சலவைக் கடையின் ஃபோனில். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, இங்கே சுண்டைக்காயையே காணோம்.

"இதையெல்லாம் யாரும்மா கேட்டா?" என்றேன்.

அவள் என் விண்ணப்பத்தை எடுத்து வந்து காட்டினாள். கார்டு வேண்டுமா, ஆம். சேதி வேண்டுமா, ஆம். இன்ஷூரன்ஸ் வேண்டுமா, ஆம். எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து. அன்றைக்கு ஒரு ஆள் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியிருக்கிறேன்.

மகளுக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. உன் பணம் வந்ததே எனக்குத் தெரியாது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் இனி ஒரு காசுகூட அந்தக் கணக்கில் போடாதே.

அக்கா

•

ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலமில்லை, ஆனால் அது உடம்பில் இல்லை. மகளுக்குக் கொடுத்தாயா என்று கேட்டேனே, அந்த வரியை வெட்டி எடுத்துத் தின்றுவிடலாம் போல இருக்கிறது. நீ தலையாட்டுகிறவள் என்றால் நான் யார்? ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்தில், காது கேட்காதவளிடம், அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவள் தலையாட்டியதும் "ஆச்சு, சொல்லிட்டோம்" என்று உட்கார்ந்துகொண்டேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். ஊதியவன் முட்டாளா, கேட்காதவள் முட்டாளா? ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வோம்.

உன் கடிதம் வந்த இரவு தூக்கம் வரவில்லை. காலையில் லிஃப்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் என்னவென்று கேட்டார். ஆறாவது மாடித் தணிக்கை அலுவலகத்துக்காரர். வெயிலோ மழையோ குடையோடுதான் வருவார், அதனால் எங்களுக்கு அவர் குடைக்காரர். தரைத்தளத்திலிருந்து ஆறாவது மாடிக்கு நாற்பது செகண்டு ஆகும். அந்த நாற்பது செகண்டில் உன் கதையில் பாதியைச் சொன்னேன். மீதியைச் சாயங்காலம் இறங்கும்போது சொன்னேன். மறுநாள் ஏறும்போது அவர் பேச ஆரம்பித்தார்.

"உங்க அக்கா கணக்கு வகை தப்பு. குறைஞ்ச இருப்பு வேண்டாத சாதாரணக் கணக்குன்னு ஒண்ணு வச்சிருப்பாங்க. வாயால கேக்காதீங்க, எழுதிக் கேளுங்க" என்றார். ஆறாவது மாடி வந்துவிட்டது.

சாயங்காலம் இறங்கும்போது, "கார்டையே கையில குடுக்கல, சேதி வேற நம்பருக்குப் போயிருக்கு. குடுக்காத சேவைக்கு எடுத்த பணத்தைத் திருப்பிக் கேளுங்க. காது கேக்காதவங்ககிட்ட எழுதிக் காட்டாம வாங்கின கையெழுத்துன்னு மறக்காம எழுதணும்" என்றார். தரைத்தளம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஏழாவது மாடிக்காரர்கள் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். நான் கதவைத் திறக்கவே இல்லை. "மேனேஜர் பேருக்கு எழுதி, ஒரு நகல்ல சீல் போட்டு வாங்கிக்கணும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்று முடித்தார். இப்படி மூன்று தவணையில் கிடைத்த ஆலோசனை இது. கட்டணம் எதுவும் பிடிக்கவில்லை.

எழுது அக்கா. உனக்கு என்னைவிட நன்றாகத் திட்டத் தெரியும், அதை மரியாதையாக எழுது.

தம்பி

•

செப்டம்பர் 9

(தம்பிக்கு: நான் பாங்கில் கொடுத்ததன் நகல் இது. சீலைப் பார், வட்டமாக விழுந்திருக்கிறது. நான் சுகம்.)

மதிப்புக்குரிய மேனேஜர் அவர்களுக்கு,

உங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் சலவைக்கூடத் தொழிலாளி வணக்கத்துடன் எழுதுவது. எனக்குக் காது கேட்காது. கணக்குத் திறந்த அன்றும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டவற்றை யாரும் எழுதிக் காட்டவில்லை. நான் தலையாட்டியது சம்மதித்து அல்ல, புரியாமல்.

எனக்கு வராத கார்டுக்கும், எனக்குச் சொல்லாத சேதிக்கும், நான் கேட்காத இன்ஷூரன்ஸுக்கும் பணம் எடுத்திருக்கிறீர்கள். என்னிடம் ஆயிரம் இல்லை என்பதற்காக என்னிடமிருந்தே நூறு நூறாக எடுத்தால் ஆயிரம் எப்போது சேரும் என்று நீங்களே சொல்லுங்கள். அது என் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டி கழுவி அனுப்பிய பணம். நான் காது மெஷின் வாங்குவதற்காக அனுப்பியது. அக்டோபர் கடைசிக்குள் அது இல்லாவிட்டால் என் கூலி பாதியாகிவிடும்.

என் கணக்கைக் குறைந்த இருப்பு வேண்டாத சாதாரணக் கணக்காக மாற்றி, எடுத்த பணத்தைத் திருப்பித் தரும்படிக் கேட்டுக்கொள்கிறேன். பதிலைத் தயவுசெய்து எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் தலையாட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
கணக்குக்காரி

•

செப்டம்பர் 29

அம்மையீர்,

தங்களது இம்மாதம் 9ஆம் தேதியிட்ட மனு பெறப்பட்டுப் பரிசீலிக்கப்பட்டது. தங்கள் கணக்கு குறைந்தபட்ச இருப்புத் தேவையற்ற கணக்காக மாற்றப்பட்டுள்ளது. அட்டைக் கட்டணம் 200, குறுஞ்செய்திக் கட்டணம் 105, காப்பீட்டுத் தவணை 330, முந்தைய நிலுவை அபராதம் 1,200, ஆக மொத்தம் 1,835 தங்கள் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்பட்டுள்ளது. இவ்வாண்டின் ஏழு மாத அபராதத்தையும் வெளிக்கிளை வைப்புக் கட்டணங்களையும் திருப்பித் தர விதிகளில் இடமில்லை எனத் தெரிவித்துக்கொள்கிறோம்.

கிளை மேலாளர்

(கீழே பேனாவால்: அம்மா, மாத்தியாச்சு. இனி எந்த ஊர்ல பணம் கட்டினாலும் இந்தக் கணக்குல பிடிக்க மாட்டாங்க. நானே சரிபார்த்தேன். — மூன்றாவது கவுண்டர்)

•

அக்டோபர் 16

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன், நலமாக இருக்கிறேன், நலமாக இருக்கிறேன். முதல் தடவை வழக்கத்துக்கு, மற்ற இரண்டும் நிஜத்துக்கு.

பாங்கின் பதிலை இதோடு வைத்திருக்கிறேன், குடைக்காரரிடம் காட்டு. யானை வாயில் போன கரும்பு திரும்பாது என்பார்கள். முக்கால் கரும்பு திரும்பிவிட்டது. மீதியை யானை தின்று தொலைக்கட்டும், எனக்கு அதற்கு நேரமில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போய் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது கொடுத்தேன். மீதி அறுநூற்று ஐம்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம் என்று கடைக்காரர் சொன்னார். அவரையும் எழுதித் தரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதினார். பேட்டரிதான் சீக்கிரம் தீருமாம், தேவைப்படும்போது மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். என் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. அறைக்கு வந்தால் குழாய் சொட்டுகிறது. எத்தனை மாதமாகச் சொட்டுகிறதோ! மடிப்புக்காரி வேலை செய்துகொண்டே பாடுவாள், நானும் வாயசைவைப் பார்த்து நன்றாகப் பாடுகிறாய் என்று ஒரு வருஷமாகத் தலையாட்டி வந்தேன். திங்கள்கிழமைதான் அந்தப் பாட்டைக் காதால் கேட்டேன். அதற்கும் சேர்த்து என்னிடம் அபராதம் வாங்கலாம்.

பிறகு மணி அடித்தது. டிரிங் என்று தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி ஒரு சத்தம். நான் கையை எடுத்தேன். மடிப்புக்காரி காலைத் தட்ட வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். சூப்பர்வைசரம்மா தூரத்திலிருந்து, "வேலையப் பாருங்க!" என்று கத்தினார். அதுவும் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னைத் திட்டியதில் சந்தோஷப்பட்டேன். ஈரத்துணிப் பக்கம் இனி எனக்கு இல்லை.

அப்பா மன்னிக்கட்டும், ஒரு கடைக்காரர் ஒரு நாள் ராகம் போட்டதற்காக நாம் முப்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி காசு சமாச்சாரத்தைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுது. என் முதல் வரி இது: ஞாயிற்றுக்கிழமை தூங்கு. தொட்டியை வேறு யாராவது கழுவட்டும். இதற்கு நீ தலையாட்டினால் போதாது, எழுத்தில் பதில் வேண்டும்.

அடுத்த மாதம் லீவு கிடைத்தால் வந்து போ. உன் குரல் எப்படி இருந்தது என்று மறந்துவிட்டது.

அக்கா

•

நவம்பர் 24

அக்காவுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். நீ சொன்னபடி முன் சீட்டு. முதுகு என்னைப் பாராட்டுகிறது. உன் முழங்கால் என்ன ஆயிற்று? பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினாயே, அதனால் கேட்கிறேன்.

அதை நினைத்தால் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. பஸ் நகர்கிறது, நான் ஜன்னலில் தலையை நீட்டி ஒரு வார்த்தை சொல்கிறேன், நீ தலையாட்டப் போகிறாய் என்று பார்க்கிறேன். நீ ஆட்டவில்லை. இரண்டு நாள் என் குறட்டையைக் கேட்ட மெஷினை, பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு நிற்கிறாய்! அப்படியே ஓடி வந்து பஸ்ஸின் பக்கவாட்டில் மடார் மடார் என்று தட்டினாயே, டிரைவர் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பிரேக் போட்டார்.

"என்ன சொன்ன? கேக்கல. மறுபடி சொல்லு!" என்று நீ கத்தியது பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. டிரைவர் திட்டினார். கண்டக்டர், "அம்மா கேக்கறாங்கல்ல, சொல்லித் தொலைங்க சார்" என்றார். ஐம்பது பேர் என் வாயைப் பார்த்தார்கள். நான் "உடம்பைப் பாத்துக்க" என்றேன். பஸ்ஸே சிரித்தது. இத்தனை வருஷத்தில் நான் சொன்னதைக் கேட்டே ஆக வேண்டும் என்று யாரும் பஸ்ஸை நிறுத்தியதில்லை.

ஆனால் முதலில் நான் சொன்னது அது இல்லை. ஐம்பது பேர் முன்னால் காசைப் பற்றிச் சொல்ல வெட்கமாகிவிட்டது, அப்பாவின் ரத்தம் அவ்வளவு சீக்கிரம் வற்றுமா? சொன்னதை இங்கே எழுதுகிறேன். மாதம் இரண்டு ஞாயிறு தூங்குகிறேன், இரண்டு ஞாயிறு தொட்டி கழுவுகிறேன். ஆகவே மாதம் இருநூறு, காது மெஷின் கடைக்காரர் பாக்கி தீரும்வரை. முதல் இருநூறை இன்று காலை கட்டிவிட்டேன். வேண்டாம் என்று எழுதாதே. நீ கேட்டபடியே எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

தம்பி

•

டிசம்பர் 3

தம்பிக்கு,

காசு சமாச்சாரம் முதல் வரியில்: பாஸ்புக்கில் அச்சடித்துப் பார்த்தேன், இருநூறு வந்திருக்கிறது. முழு இருநூறு.

முழங்கால் வலிக்கிறது. பரவாயில்லை.

அக்கா